மூன்றாம் சரணத்தில் ஓடியவனுக்கு

இன்று காலை உன் குச்சி கீழே விழுந்துவிட்டது. பஸ் டிப்போவில் என் டைம் கீப்பர் அறை ஜன்னலில் நீ செருகிவிட்டுப் போனாயே, அந்த உடைந்த டிரம் குச்சிதான். வெளியே நிற்கிற பூந்தமல்லி வண்டியை ஸ்டார்ட் செய்தால் இந்த ஜன்னல் கண்ணாடி குளிர்ஜுரம் வந்தவன் பல் மாதிரி கடகடவென்று அடித்துக்கொள்ளும். இத்தனை வருஷமும் அதன் வாயை அடக்கி வைத்திருந்தது உன் குச்சி. டிரைவர் ஒருவர் எட்டிப் பார்த்து, "இன்னா சார், கண்ணாடி கயண்டுக்கும் போல கீதே" என்றார். குனிந்து குச்சியை எடுத்தேன். பிடியில் நீ சுற்றின மஞ்சள் டேப் இன்னும் அப்படியே இருக்கிறது. திரும்பச் செருகவில்லை. மேஜைமேல் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

நலமா என்றெல்லாம் கேட்கமாட்டேன். நீ நடமாடின காலத்திலேயே கேட்டதில்லை. நமக்குள் கொஞ்சல் குலாவல் எப்போதும் கிடையாது. செத்துப்போனதற்காக உனக்குச் சலுகை காட்டுவேன் என்று நினைத்தாயானால் நீ என்னைப் புரிந்துகொண்ட லட்சணம் அவ்வளவுதான்.

நீ வருவதற்கு முன்னால் நானும் டேவிட்டும் அம்பத்தூரில் அவனுடைய சர்ச் ஹாலில் ஒரு ரிதம் பாக்ஸை வைத்துக்கொண்டு ராக் வாசித்துக்கொண்டிருந்தோம். டேவிட் லீட் கிட்டார், பாட்டும் அவனே. நான் பேஸ் கிட்டார். அந்தப் பெட்டி ஒரு சனியன். பாட்டு சூடு பிடிக்கிற நேரம் பார்த்துப் பின்தங்கும். ரிப்பேருக்குக் கொடுத்தேன். ரிப்பேர்காரர் ஒரு கோளாறும் இல்லை என்று திருப்பிக் கொடுத்தார். வேலை தெரியாதவன் என்று அந்த ஆளைத் திட்டிவிட்டு, மெஷினை நம்பிப் பிரயோஜனமில்லை, ஆளைப் பிடிப்போம் என்று தேடினோம். ஆவடியில் தண்ணி கேன் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த நீ கிடைத்தாய். வந்த முதல் நாளே நீ அடித்த அடியில் சர்ச் ஹாலின் டியூப் லைட் அணைந்துபோனது. "இது டிரம்ஸு இல்லடா, இடிக்கிற வேலை" என்றேன் டேவிட்டிடம். உன் காதில் விழட்டும் என்றுதான் சொன்னேன். விழுந்தது. நீ ஸ்டூலை விட்டு எழுந்துகூட வராமல், "இவரு யாரு மாமே, பஸ் ஸ்டாண்டுல விசில் ஊதுறவரா?" என்று கேட்டாய். அன்றைக்கே எனக்கு உன்னைப் பிடித்துவிட்டது. அதை உனக்குச் சொல்லவில்லை.

அப்புறம் அந்த டீக்கடை விசாரணை. வேறு எந்த பேண்டிலாவது அப்படி ஒரு வழக்கம் இருந்திருக்குமா என்று தெரியவில்லை. நிகழ்ச்சி முடிந்ததும் நேராக ஐயப்பன்தாங்கல் டிப்போ வாசல் கடைக்கு வரவேண்டும். யார் தப்பு செய்தானோ அவன் கையில் டீ. மற்ற இரண்டு பேரும் அவனைக் கிழிப்பார்கள். கையில் இருக்கிற டீ கடைசிச் சொட்டு தீருகிறவரை குற்றவாளி வாயைத் திறக்கக்கூடாது. கீழே ஊற்றுவதும் கூடாது. சுடச்சுட ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் பதில் சொல்ல அவசரப்பட்டு டேவிட் நாக்கைச் சுட்டுக்கொண்டது எத்தனை தடவை! நம் கூட்டத்தில் பாராட்டுக்கு இடமே கிடையாது. நன்றாக வாசித்தவனுக்குக் கிடைக்கிற மரியாதை, அன்றைக்கு அவன் பெயரை யாரும் எடுக்காததுதான்.

விசாரணை முடிந்தால் அந்தச் சண்டை ஆரம்பிக்கும். பெரிய ராக் டிரம்மர் என்றால் யார்? நேரம் பிசகாதவன் என்பது என் கட்சி. பாட்டு ஆரம்பித்த வேகத்திலேயே முடியவேண்டும், டிரம்மர் ஒருவன் அங்கே உட்கார்ந்திருப்பதே ஜனங்களுக்கு மறந்துபோகவேண்டும். நீ தலையில் அடித்துக்கொள்வாய். "அதுக்குக் கடிகாரத்த வெச்சுக்கோயேன், டிரம்மர் இன்னாத்துக்கு? குந்திகினு இருக்குறவன் எழுந்து நிக்கணும் மாமே. கையில கீற டீய கீழ உடணும். அவன்தான் டிரம்மர்." டேவிட் நடுவில் புகுந்து, பாடுகிறவன் மூச்சு வாங்குகிற இடம் தெரிந்தவன்தான் டிரம்மர் என்பான். இரண்டு பேரும் சேர்ந்து அவனைப் போய்ப் பக்திப் பாட்டு பாடு என்று துரத்துவோம். உன் வண்டியின் பின்கண்ணாடியில் தலைமுடி பறக்க ஒரு வெள்ளைக்கார டிரம்மர் படம் ஒட்டியிருப்பாய். அவன் பேரை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் நான் அவனைப் பற்றிச் சொன்னதற்கெல்லாம் எழுந்து வந்து சண்டை போடுவாய்.

ஒரே ஒரு தடவை நீ வேறு பதில் சொன்னாய். மழை பிடித்துக்கொண்ட சாயங்காலம், கடைக்குள் ஒதுங்கி நின்றோம். சும்மா வம்புக்கு உன்னை மறுபடியும் கேட்டேன். "டிரம்மர்ன்றவன் கூட வர்றவனத் தனியா உடக்கூடாது மாமே. அவ்ளோதான்" என்றாய். "அதுக்குப் பேரு டிரம்மர் இல்ல, நாய்" என்றேன். கடைக்காரர்கூடச் சிரித்தார். நீ சிரிக்கவில்லை, டீயை ஊதிக்கொண்டிருந்தாய்.

இந்தக் குச்சி உடைந்த நாளை மறந்திருக்கமாட்டாய். பூந்தமல்லி தாண்டி ஒரு கல்லூரி விழா, மதியம் உச்சி வெயில், மேடையில் தகரக் கூரை. டேவிட்டின் பெரிய பாட்டு. இடையிசை முடிந்து மூன்றாவது சரணத்துக்குள் போகிற இடத்தில் வேகம் கூடிப் பாட்டு தறிகெட்டு ஓடியது. நீ அடிப்பதை நிறுத்திவிட்டு எழுந்தாய். அத்தனை பிள்ளைகள் முன்னால் குச்சியை என் பக்கம் நீட்டி, "இவன்தான்! இவன்தான் ஓடுறான்!" என்று கத்தினாய். முன்வரிசைப் பையன்கள் ஊளையிட்டார்கள். நான் உன் அம்மாவை இழுத்துத் திட்டினேன். நீ குச்சியை விட்டெறிந்தாய். என் கிட்டாரின் தலைப்பக்கம் பட்டுக் குச்சி இரண்டாக உடைந்தது. காலையில் எழுந்ததிலிருந்து ராத்திரி படுக்கிறவரை நேரம் பார்த்து வண்டி விடுகிற என்னைப் பார்த்து, ஓடுகிறான் என்கிறாய்! கிட்டாரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன். வீட்டில் பரண்மேல் போட்டேன். மாதக்கணக்கில் அதைத் தொடவில்லை. டேவிட் போன் செய்தால் எடுக்கவில்லை. உனக்கு என் வாயில் வராத வசவு இல்லை.

பிறகு ஒரு நாள் தண்ணி கேன் வண்டியை டிப்போ வாசலில் நிறுத்திவிட்டு இந்த அறைக்குள் வந்தாய். கையில் உடைந்த குச்சி. "என் தப்பு மாமே. நான்தான் ஓடினேன். வா, டீ குடிக்கலாம்" என்றாய். கடைக்குக் கூட்டிப்போய் உன் கையில் டீயைக் கொடுத்துவிட்டு வாங்கு வாங்கு என்று வாங்கினேன். முழுசாகக் கேட்டுக்கொண்டாய். டீ தீர்ந்த பிறகும் நீ எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பி வந்தபோது ஜன்னல் ஆடியது. "இந்தச் சத்தத்துல எப்டி மாமே வேல பாக்குற?" என்று குச்சியைச் சந்தில் அழுத்திச் செருகிவிட்டுப் போனாய். அன்று சாயங்காலம் பரணிலிருந்து கிட்டாரை இறக்கினேன்.

அதற்குப் பிறகு அந்த இடத்தில் பாட்டு உடைந்ததே இல்லை. மூன்றாவது சரணம் வந்தால் வேகம் கூடும், மூன்று பேரும் ஒன்றாகவே ஓடுவோம், ஜனம் எழுந்து நிற்கும். நான் ஒவ்வொரு விசாரணையிலும் விடாமல் கேட்டேன், ஏன் ஓடினாய் என்று. நீயும் ஒவ்வொரு தடவையும் டீயை நிதானமாகக் குடித்துவிட்டு, "ஆமா மாமே, ஓடினேன். ஜனம் எழுந்துச்சா இல்லியா?" என்பாய். திருந்தாத ஜென்மம் என்று விட்டுவிட்டேன்.

உன் வயிற்றில் கட்டி என்று தெரிந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, பார்க்க வந்தவன் எல்லாம் உன்னைப் பெரிய டிரம்மர் என்றான். டிரம்ஸுக்கும் தவிலுக்கும் வித்தியாசம் தெரியாத உன் சித்தப்பா, "எங்க புள்ள மாதிரி அடிக்க மெட்ராஸ்லயே ஆளு கிடையாது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நீ எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு படுத்திருந்தாய். பார்க்கவே எனக்கு எரிச்சலாக இருந்தது. எல்லோரும் போன பிறகு உன் மனைவி கலா ஃபிளாஸ்கிலிருந்து எனக்கும் உனக்குமாக டீ ஊற்றினாள். உனக்கு ஒரு வாய்கூட இறங்காது என்று அவளுக்குத் தெரியும், இருந்தாலும் ஊற்றி உன் பக்கத்தில் வைத்தாள். நீ என்னைப் பார்த்து, "நீ சொல்லு மாமே. நான் பெரிய டிரம்மரா?" என்றாய்.

"இல்ல" என்றேன். "மூணாவது சரணத்துல ஓடுவ. கடசி வரைக்கும் நீ திருந்தல."

கலா கையிலிருந்த ஃபிளாஸ்க் மூடி கீழே விழுந்து உருண்டது. நீ என்னையும் பார்த்தாய், டீயையும் பார்த்தாய். டீ தீரவில்லை, அதனால் நீ பேசவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். டீமேல் ஆடை படிந்துகொண்டிருந்தது. வெளியே வராந்தாவில் கலா என்னைப் பிடித்துக்கொண்டாள். "நீங்கல்லாம் ஒரு மனுசனாண்ணா? சாவக் கெடக்குற ஆளுகிட்ட பேசுற பேச்சா இது? ஒரு வார்த்த சொன்னா உங்க வாயி இன்னா கொறஞ்சா பூடும்?" என்றாள். "எல்லாரும் சொல்ற பொய்ய நானும் சொன்னா, அவனுக்கு நான் எதுக்கு?" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்த வாரமே நீ போய்விட்டாய்.

போன மாதம் ஆவடியில் உனக்கு நினைவு நிகழ்ச்சி வைத்தார்கள். அதற்கு முன்னால் கலா இந்த அறைக்கே வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "மேடையில உங்க வாயால சொல்லணும்ணா. அவரு பெரிய டிரம்மர்னு. எம் பொண்ணு காதுல அது விழணும். வேற யாரு சொன்னாலும் அவ நம்பமாட்டா. நீங்கதான் யாரையும் பாராட்டமாட்டீங்கன்னு அவளுக்குத் தெரியும்" என்றாள். "வாசிக்கிறேன் கலா. சொல்லமாட்டேன்" என்றேன். "அப்ப வாசிங்க. வந்து பாக்குறேன்" என்று திரும்பிப் பார்க்காமல் போனாள்.

உன் இடத்துக்கு டேவிட் ரம்யா என்கிற பெண்ணைப் பிடித்து வந்தான். முறையாகக் கற்றவள், ஸ்டுடியோக்களில் வாசிப்பவள். காதுக்குள் ஒரு கருவி டிக் டிக் என்று எண்ணிக்கொண்டே இருக்கும், அதைவிட்டு ஒரு இம்மி நகரமாட்டாள். இத்தனை வருஷம் நான் கேட்ட டிரம்மர் இவள்தான், இவள் முன்னால் உன்னை உட்கார வைத்துக் காட்டியிருக்கவேண்டும் என்று நினைத்தேன். ஒத்திகையில் மூன்றாவது சரணம் வந்தது. நானும் டேவிட்டும் முன்னால் போய்விட்டோம், அவள் பின்னால் நின்றாள். "பின்னால இழுக்கறீங்கம்மா" என்றேன். அவள் காதிலிருந்ததைக் கழற்றி நீட்டினாள். "நான் இழுக்கல சார். நீங்களே கேட்டுப் பாருங்க." நான் கேட்கவில்லை. "செத்துப்போனவன் ஓடி ஓடி எங்களுக்கும் அந்த வியாதி தொத்திகிச்சு" என்றேன். அவள் சிரித்தாள். டேவிட் கிட்டாரை ட்யூன் செய்துகொண்டிருந்தான்.

நிகழ்ச்சியன்று முன்வரிசையில் கலா, பக்கத்தில் உன் மகள். அந்தப் பாட்டைத்தான் கடைசியாக வைத்திருந்தோம். கவனமாக இருக்கவேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் வாசித்தேன். மூன்றாவது சரணத்தில் கை என் பேச்சைக் கேட்கவில்லை. நான் ஓடினேன், டேவிட் என் பின்னால் வந்தான், ரம்யா அசையவில்லை. பாட்டு நடுரோட்டில் பஞ்சரான வண்டி மாதிரி நின்றது. யாரோ விசிலடித்தார்கள். உன் சித்தப்பா அப்போதும் கைதட்டினார். அன்றைக்குக் கல்லூரி மேடையில் நின்ற அதே கோலத்தில் நின்றேன், குச்சியை நீட்ட நீ மட்டும் இல்லை.

ரம்யா பக்கம் திரும்பி, "அந்த மெஷின எடுத்துடும்மா. நான் போறப்போ கூடவே வந்துடு" என்றேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நல்ல பெண், மரியாதையாகத்தான் சொன்னாள். "முடியாது சார். நீங்க ஒவ்வொரு தடவையும் வேற வேற அளவுக்கு ஓடறீங்க. ஓடப்போறது முன்னாடியே தெரிஞ்சு, கூடவே வந்து, கேக்கறவங்களுக்கும் தெரியாம பண்ணணும். என்னால அது ஆகாது. உங்ககூட அவர் எப்படி வாசிச்சாருன்னே எனக்குப் புரியல."

கலா மேடைக்குக் கீழே வந்து நின்றாள். குரலை உயர்த்தவே இல்லை. "அவருதான் பூட்டாரே. இப்ப யாருண்ணா ஓடுனது?"

"அவன் பழக்கிவுட்டது கலா. கை அப்டியே..." என்று ஆரம்பித்தேன்.

"பொய் சொல்லாதடா" என்றான் டேவிட். குனிந்து வயரைச் சுற்றிக்கொண்டிருந்தவன் தலையைத் தூக்கவில்லை. "அவன் வர்றதுக்கு முன்னாடியே நீ ஓடுவ. சர்ச் ஹால்ல ரிதம் பாக்ஸ் வெச்சிகினு வாசிச்சோமே, மெஷின் ஸ்லோன்னு ரிப்பேருக்குக் குடுத்தியே, ஞாபகம் கீதா? மெஷின் எங்கனா ஸ்லோ ஆவுமாடா?"

"தெரிஞ்சிகினு இத்தினி வருசம் ஏண்டா சொல்லல?"

"அவன்தான் வேணாம்னான். சொன்னா நீ மறுபடியும் கிட்டாரப் பரண்ல போட்டுருவியாம். 'அவன் ஓடட்டும் டேவிட்டு, நான் கூட ஓடிக்கிறேன்'னான். அதுக்கப்புறம் நாங்க அதப் பத்திப் பேசிக்கல."

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு கலா அங்கேயே நின்றாள். அப்புறம் சொன்னாள், "ஆஸ்பத்திரில செவுத்தப் பாத்துத் திரும்பிக்கினாரே, நீங்க சொன்னதுக்கு அழுவுறாருன்னு நெனச்சேன். கிட்ட போயி மூஞ்சப் பாத்தா சிரிச்சிகினு கெடந்தாரு. வயிறு வலிக்குது, சிரிக்க வெக்காதன்றாரு. ஏன் சிரிக்கிறன்னு கேட்டதுக்கு, உனக்குப் புரியாதுன்னுட்டாரு. எனக்கு இப்பதான் புரியுது."

சிரித்தாயா? என் முகத்துக்கு நேராகச் சிரிக்கத் துப்பில்லாமல் சுவரைப் பார்த்துச் சிரித்தாயா? நான் நீதிபதி மாதிரி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தபோது, நீ சிரிப்பை உள்ளுக்குள் அடக்கிக்கொண்டு கிடந்திருக்கிறாய். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆறின டீயை உதட்டில் நனைத்துவிட்டு, "ஓடுனது நீதான்டா" என்று அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். சொல்லாமல் செத்து, என்னை உன் பெண்டாட்டி பிள்ளை முன்னால் நிற்கவைத்தாயே, அதுதான் உன் வன்மம். குச்சி எறிந்ததைவிட இது நன்றாகக் குறிபார்த்து விழுந்தது.

இன்னொன்றும் கேட்டுக்கொள். வாதம் இன்னும் முடியவில்லை. பெரிய டிரம்மர் என்றால் என்னைப் பிடித்து நிறுத்தியிருப்பான். பாட்டு நடுவில் நின்றாலும் பரவாயில்லை, இவன் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போனாலும் போகட்டும் என்று அடித்துச் சொல்லியிருப்பான். நீ ஒரு தடவை சொன்னாய், அப்புறம் பயந்துவிட்டாய். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு அப்புறம் சிரி. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருக்கிறேன், எப்படியும் நீ வாயைத் திறக்கப்போவதில்லை.

ஆனாலும் அன்றைக்கு மேடையில் மைக் எனக்குப் பக்கத்தில்தான் இருந்தது. உன் மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கலா கேட்ட அந்த வார்த்தை தானாக என் வாய்க்கு வந்தது. மைக்கைப் பிடித்தேன். பிடித்த கையைக் கலா பார்த்துவிட்டாள்.

"வேணாம்ணா. நீங்க சொல்லாதீங்க" என்றாள். "எல்லாரும்தான் பாத்தாங்களே."

மகள் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்த வார்த்தையை அன்றிலிருந்து வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிகிறேன். வண்டிகளுக்கு நேரம் சொல்கிறேன், டிரைவர்களிடம் எரிந்து விழுகிறேன், சோறு தின்கிறேன், அது அங்கேயே இருக்கிறது. இன்று சாயங்காலம் டேவிட்டை டிப்போ வாசல் கடைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை டீ என் கையில். அவன் எவ்வளவு வேண்டுமானாலும் கிழித்துக்கொள்ளட்டும். டீ தீர்ந்ததும் நான் சொல்லலாம், விதிப்படி அது என் உரிமை. ஆனால் அதைக் கேட்கவேண்டியவன் நீ. நீ கேட்டபோது அந்த வார்த்தை என்னிடம் இல்லை.